மார்த்தாவின் பைஸ்டாண்டர்

பச்சைப் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளுத்த கை. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டை அந்தக் கைக்குப் பெரிதாக இருந்தது.

ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றது. வெளியே கர்க்கடக மழை, நம் ஆடி மாதத்து மழை. உள்ளே அந்த நீளமான வராந்தாவில் மழைச் சத்தம் யாரோ அடுத்த வீட்டில் அரிசி களைவது மாதிரி மெல்லக் கேட்டது. டெட்டால் வாசனை, ஈரக்குடை வாசனை, யாரோ கொண்டுவந்திருந்த கஞ்சியின் வாசனை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். சின்னப் பெண். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. நான் போனில் தமிழில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். "அம்மா, நான் பாறசாலைக்காரிதான். தமிழ்லயே சொன்னா மதி, போதும். இவங்க கடைசியா எப்போ சாப்பிட்டது?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே மார்த்தா, கண்ணைத் திறக்காமல், இங்கிலீஷில் முணுமுணுத்தாள். "வெள்ளையா இருந்தது. குளிர்ச்சியா. ரொம்ப நன்னா இருந்தது."

டாக்டர் சிரித்தார். "வலிக்குப் போட்ட ஊசி பேசுது. சொந்த ஊர் பனியை நெனச்சுக்கறாங்க போல."

அது பனி இல்லை. அது என்ன என்று அந்த வராந்தாவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"காலையில ஆறு மணிக்கு ஒரு காபி. அவ்வளவுதான் டாக்டர்," என்றேன்.

டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். மார்த்தாவின் கை என் விரலை விட்டது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று. கதவு மூடிக்கொண்டது.

மேல் மாடிக்காரி

மார்த்தாவைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதவில்லை. மின்சார ஆபீஸில் ஃபைல்களோடு மல்லாடிய கதையையே எத்தனை வாரம்தான் படிப்பீர்கள்? உங்கள் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

கரமனையில் எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் தாளித்தால் ஏழாவது வீட்டில் தும்முவார்கள். மாடியில் ஒரு அறையும் குளியலறையும் கட்டி வாடகைக்கு விட நினைத்தபோது, "ஏதாவது பேங்க் உத்தியோகஸ்தன் வருவான்," என்றார் இவர். இவர் என்றால் என் கணவர். வந்தது போலந்துக்காரி. ஐம்பது வயதுக்கு மேல். தனி ஆள்.

டிராக்டர், களை எடுக்கும் இயந்திரம், இவற்றோடு வரும் கையேடுகளை ஜெர்மனிலிருந்து தன் பாஷைக்கு மொழிபெயர்ப்பது அவள் தொழில். லாப்டாப் இருந்தால் போதும், எங்கிருந்தும் செய்யலாமாம். "அங்கே ஆறு மாசம் இருட்டு. இங்கே வெயிலுக்கு யாரும் காசு கேட்கிறதில்லை," என்றாள்.

முதல் மாதம் தெருவே அவளை வேடிக்கை பார்த்தது. இரண்டாம் மாதம் பட்சணம் கொடுத்தது. மூன்றாம் மாதம் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டது. அதோடு அவள் தெருக்காரி ஆகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வித்துரா போய், அங்கிருந்து கல்லாற்றுக்குப் போவாள். ஆற்றில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வருவாள். இதற்காகவா ஒருத்தி இத்தனை தூரம் போவாள் என்று ஒரு தடவை நானும் கூடப் போனேன்.

உருண்டை உருண்டையாகப் பாறைகள். தண்ணீர் கண்ணாடி மாதிரி; உள்ளே என் கால் யாருடைய காலோ போலத் தெரிந்தது. மேலே பொன்முடிப் பக்கத்தில் மேகம் இறங்கி மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. நாங்கள் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் இவர் நம்பவே மாட்டார். எழுந்து கடையில் பால் விடாத கட்டன்சாயா குடித்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நேரம் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெறும் வயிறு

வலி முதல் நாள் சாயங்காலமே தொடங்கியது. மார்த்தா இடுப்பை வளைத்துக்கொண்டு படி இறங்கி வந்தாள். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள்.

"வாயுதான். சுக்கு வெந்நீர் குடு, செரியாயிடும் கேட்டியா," என்றார் இவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் வீட்டில் எல்லா வலிக்கும் வாயுதான் காரணம். நெஞ்சில் பிடித்தால் வாயு, முதுகில் பிடித்தால் வாயு, மருமகள் போன் செய்யாவிட்டால் வருவதும் வாயு. நான் சுக்கு வெந்நீர் கொடுத்தேன். போதாதென்று மோரில் பெருங்காயம் கரைத்தும் கொடுத்தேன். மார்த்தா கையேட்டில் போட்டிருப்பதைப் போல இரண்டையும் வரிசையாகக் குடித்தாள்.

மறுநாள் காலையில் பாதிக் காபியோடு தம்ளரை வைத்துவிட்டாள். பத்து மணிக்கு வலி வலது பக்கம் இறங்கியிருந்தது. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. முகம் சுண்ணாம்பாக இருந்தது. "ஏன்னா, இது வாயு இல்லை. ஆட்டோ கொண்டு வாங்கோ," என்று கத்தினேன். இவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுக்குக்கு ஓடினார்.

ஆட்டோ வரும்வரை ஒரு கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

எங்கள் வீடுகளில் முக்கியமான காரியத்துக்கு யார் கிளம்பினாலும் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குவார்கள். பரீட்சை, இண்டர்வியூ, ரயில், விமானம், எதுவானாலும். போன காரியம் நல்லபடியாக முடிந்து வயிறு குளிர்ந்த மாதிரி திரும்பி வர வேண்டும் என்பதற்காக. என் மகன் பெங்களூருக்குக் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது ஒரு வாய் வாங்கியிருக்கிறான். இவளோ ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். தாய் தகப்பன் இல்லாத ஊரில் ஒருத்தியை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது?

"வேண்டாம் லலிதா. வயிறு மூடிக்கிடக்கு," என்றாள்.

"நாளைக்கே திரும்பி வரணுமா, வேண்டாமா? சாப்பிடு."

குழையப் பிசைந்து, மாவடு ஊறிய சாற்றைத் துளி தொட்டு, கையாலேயே ஊட்டினேன். ஆறு வாய் வாங்கினாள். ஆறாவது வாயில் அவள் கண்ணில் நீர் தளும்பியது. பாசம் என்று நினைத்துக்கொண்டேன். வலி.

எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று, "நன்னாப் பண்ணினாய் லலிதா. வெறும் வயத்தோட அனுப்பப்படாது," என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கூட யார்?

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி நோயைப் பற்றியது அல்ல. கூட யார் என்பதுதான். பைஸ்டாண்டர் என்பார்கள். மலையாளத்திலும் அதுதான் வார்த்தை, தமிழிலும் அதுதான் வார்த்தை. மருந்து வாங்க, கையெழுத்துப் போட, வெந்நீர் கொண்டுவர, கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க, டாக்டர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல, அப்படி ஒரு ஆள் இல்லாமல் இங்கே யாரும் நோயாளியாகவே ஆக முடியாது.

மார்த்தா ஒரு ஜிப் பையில் எல்லாம் வைத்திருந்தாள். பாஸ்போர்ட், விசா, இன்ஷூரன்ஸ் அட்டை, ரத்தப் பிரிவு எழுதிய சீட்டு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு. வெளிநாட்டில் வாழப்போகிறவர்களுக்கு அவள் ஊரில் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அதில் இருந்தது. கூட ஒரு ஆள் வேண்டும் என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை போலிருக்கிறது.

"நீங்க இவங்களுக்கு யாரு?" என்று நர்ஸ் மலையாளத்தில் கேட்டார், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

"மாடியில குடியிருக்கா," என்றேன்.

நர்ஸ் ஒரு நொடி யோசித்தார். உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஸ்கேன் பார்த்த சர்ஜன் சுற்றி வளைக்கவில்லை. குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலையில் இருக்கிறது, வெடித்தே இருக்கலாம், உடனே திறக்க வேண்டும் என்றார். மார்த்தாவின் போனில் அவள் அக்காவை வீடியோவில் பிடித்தோம். அங்கே காலை எட்டு மணி இருக்கும். கலைந்த தலையோடு ஒரு முகம், மார்த்தாவை அப்படியே பத்து வயது கூட்டினாற்போல. டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவள் தனியாகவா இருக்கிறாள்?"

"இல்லை. நான் இருக்கேன்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புட்டு விவகாரம். எங்களுக்கு முன்னால் ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு கிழவருக்கு அவர் மகன் புட்டும் பழமும் கொடுத்துவிட்டாராம். நர்ஸ் அந்த மகனை வராந்தாவே கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆபரேஷனை சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நாற்பது வயது ஆள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலை குனிந்து நின்றார்.

அடுத்த பத்தாவது நிமிஷம் அந்தப் பாறசாலை டாக்டர் என்னிடம், இவங்க கடைசியா எப்போ சாப்பிட்டது என்று கேட்டார்.

காபி மட்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் அது இரண்டாவது பொய். தெரிந்துதான் சொன்னேன். தள்ளிப் போட்டால் உள்ளே வெடித்துவிடுமே என்ற பயம் பாதி. மீதிப் பாதி வெறும் மானம். படித்த பொம்பளை, உத்தியோகம் பார்த்தவள், புட்டுக்காரர் பக்கத்தில் நானும் தலை குனிந்து நிற்பதா?

மஸ்கட்டில் ஒரு கைவிரல்

கதவு மூடிய பிறகு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது பெரிதாகிக்கொண்டே வந்தது. மழைச் சத்தம் தண்ணீர்ச் சத்தமாயிற்று. நான் மறுபடி கல்லாற்றில் உட்கார்ந்திருந்தேன். மார்த்தா தண்ணீரில் மல்லாந்து மிதந்து போனாள், கண்ணை மூடிக்கொண்டு. கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அவள் பெயர் மறந்துவிட்டது.

அப்புறம் தண்ணீர் வற்றி மணலாயிற்று. மஸ்கட்.

கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் நானும் வேற்று நாட்டுக்காரியாக இருந்தேன். இவருக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கு மூன்று மாதம். ஒரு முற்பகல், குளியலறையில், எல்லாம் முடிந்துபோயிற்று. நான் நடைக்கு வந்து விழுந்தேன். எதிர் ஃபிளாட்டுக்காரி கதவைத் திறந்தாள். சூடான் தேசத்துக்காரி, உயரமானவள். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. படியில் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி.

டாக்சி பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள்தான். நான் கட்டிலில் அரை நினைவோடு கிடந்தேன். அவள் ஒரு கையில் என் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் அரபியில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். என் பெயர், என் வயது, எத்தனையாவது மாதம், முன்னால் இப்படி நடந்திருக்கிறதா என்றுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவள் மற்ற கையை விரித்துக் காட்டினாள். தெரியாது. தெரியாது. தெரியாது. அவளைத் திட்டுவது போலக்கூட இருந்தது. அவள் அசையவில்லை. கடைசியில் எவ்வளவு நேரமாக ரத்தம் போகிறது என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு மட்டும் கைக்கடிகாரத்தைக் காட்டி, விரலை முள்ளின் மேல் வைத்து, இங்கிருந்து இதுவரை என்று நகர்த்தினாள். அவள் கண்ணால் பார்த்தது அது மட்டும்தான்.

அடுத்த மாதம் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவள் பெயரை நான் கேட்கவே இல்லை. இதை நினைத்து எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் வேறு விதமாக வெட்கப்பட்டேன். ஒன்றுமே தெரியாதவள் தெரியாது என்று நின்றாள். எல்லாம் தெரிந்த நான் என்ன செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்?

எழுந்தேன். தூக்கமெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது.

யாரும் தட்டாத கதவு

ஆபரேஷன் தியேட்டர் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். நான் இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப்பார்த்து அதட்டினார். "அந்த டாக்டரைக் கூப்பிடுங்கோ. பாறசாலை டாக்டரைக் கூப்பிடுங்கோ. மருந்து குடுத்துட்டேளா?" என்று எனக்குத் தெரிந்த தமிழும் மலையாளமும் கலந்து அலறினேன்.

டாக்டர் வந்தார். முகமூடிக்கு மேலே அதே கண்கள்.

"நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர். அவ சாப்பிட்டிருக்கா. தயிர்சாதம். நான்தான் ஊட்டினேன்."

அந்தக் கண்கள் ஒருமுறை மூடித் திறந்தன. "எத்தனை மணிக்கு?"

"பத்தேகால்."

"எவ்வளவு?"

"ஆறு வாய். பெரிய வாய்தான். மாவடுவும் தொட்டுக் குடுத்தேன்."

"மாவடுவும்," என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"மயக்கத்துல வாந்தி வந்தா நேரே நுரையீரலுக்குப் போகும் அம்மா. அது அறியாமோ, தெரியுமா? அவசரக் கேஸ்னா நாங்க எப்பவும் சூக்ஷிச்சு, ஜாக்கிரதையாத்தான் செய்வோம். ஆனா அறிஞ்சுட்டுச் செய்றது வேற. நல்ல வேளை, இன்னும் குடுக்கல்லே. மூக்கு வழியா டியூப் போட்டு வயித்தைக் காலி பண்ணணும், மயக்கம் குடுக்கற விதத்தையும் மாத்தணும்." உள்ளே திரும்பி மலையாளத்தில் மளமளவென்று ஏதோ சொன்னார். போகப் போனவர் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"பேஷண்டுக்கு ஊசி போட்டாச்சு, அவங்க சொல்றதை நாங்க எடுக்க மாட்டோம். உங்ககிட்டதான் கேக்கறோம். அதுக்குத்தான் நீங்க நிக்கறீங்க."

கதவு மூடிக்கொண்டது. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். புட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"சாரமில்ல சேச்சி," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் நான் அழுதிருக்க மாட்டேன்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வராந்தா நீண்டுகொண்டே போயிற்று, சுருங்கிக்கொண்டே வந்தது. இவர் வந்து பக்கத்தில் நின்றார். மழை விட்டு ஜன்னல் வழியாக ஒரு துண்டு வெயில் தரையில் விழுந்து, மெல்ல நகர்ந்து, என் காலைத் தொட்டபோது சர்ஜன் வெளியே வந்தார். வெடித்துத்தான் இருந்ததாம். கழுவிச் சுத்தம் செய்து தைத்துவிட்டோம், பிழைத்துக்கொள்வார் என்றார். எந்தச் சாமியின் பெயரைச் சொன்னேன் என்று நினைவில்லை. இருக்கிற எல்லாச் சாமியையும் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் மார்த்தாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். ஸ்பூனால்.

பாதி குடித்ததும் ஸ்பூனை வைத்துவிட்டுச் சொன்னேன். அன்றைக்கு டாக்டரிடம் நீ சாப்பிடவில்லை என்று பொய் சொன்னேன், மார்த்தா. அதனால் உன் உயிரே போயிருக்கலாம்.

"தெரியும். நான் கேட்டுண்டுதான் இருந்தேன்," என்றாள். எங்கள் தெருவில் இருந்து இருந்து அவள் இங்கிலீஷ்கூட என் காதில் எங்கள் தமிழாகத்தான் விழும்.

"கேட்டியா? அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

மார்த்தா உதட்டைத் துடைத்துக்கொண்டாள். மூக்கில் டியூப் இருந்த இடம் சிவந்திருந்தது.

"நான் சாதத்தைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். நீ காபி மட்டும்னு சொன்னே. சரி, இந்த ஊர்ல தயிர்சாதத்தைச் சாப்பாட்டுல சேர்க்க மாட்டாங்க போலிருக்குன்னு நெனச்சேன். உனக்குத் தெரியாததா? நீதானே கூட இருந்தே."

அவள் குற்றம் சொல்லவில்லை. டிராக்டரில் எந்தத் திருகாணி எங்கே போகும் என்று சொல்கிற குரல்தான். சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள், அடுத்த ஸ்பூனுக்கு.

கதவைத் தட்டியதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். அதைச் சொன்னால் என் மனசு கொஞ்சம் ஆறும். அது எனக்கு நன்றாகத் தெரிந்ததால்தான் வாய் வரவில்லை.

மார்த்தா இப்போதும் மாடியில்தான் இருக்கிறாள். நான் கதவைத் தட்டி உண்மையைச் சொன்ன அந்தப் பாதி அவளுக்கு இன்றுவரை தெரியாது. முதல்முதலாக இங்கேதான் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.